நிறைஞ்ச அமாவாசை

வெயிலுகந்தபுரத்தில் யாரும் அமாவாசையை வெறும் அமாவாசை என்று சொல்வதில்லை, நிறைஞ்ச அமாவாசை என்றுதான் சொல்வார்கள்; கடை திறப்பது நிறைஞ்ச அமாவாசையில், புது வண்டியின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவது நிறைஞ்ச அமாவாசையில், கிணறு தோண்ட முதல் கடப்பாரை போடுவதும் நிறைஞ்ச அமாவாசையில்தான். வானத்தில் ஒரு கீற்றுகூட இல்லாத நாளில் அப்படி என்னதான் நிறைந்து கிடக்கிறது என்று யாராவது கேட்டால், பெரியவர்கள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, அது அப்படித்தான் என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில், அதுவும் ஆடி அமாவாசையன்று, உச்சிப்பொழுதில், அம்மனுக்கு நிறைகுடம் கோயில் வாசலை மிதித்த அதே நேரத்தில் பிறந்த பெண்குழந்தைக்கு, அதன் அப்பா தபால்காரர் சுடலைமுத்து, ஊர் சொல்லும் சொல்லை நம்பிப் பூரணம் என்று பேர் வைத்தார்.

ஆனால் ஊர் தன் சொல்லைத் தானே நம்பவில்லை. அமாவாசையில் பிறந்தது திருடும் என்று இன்னொரு சொல்லும் அங்கே இருந்தது. ஒரே வாய்க்குள் இரண்டு சொல்லும் சண்டை சச்சரவு இல்லாமல் குடித்தனம் நடத்தின. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் புருஷனும் பிள்ளையும் பேரனும் பேத்தியுமாக நிறைந்து வாழ்கிற ஒருத்தி ஊருணியில் குடம் மொண்டு, தலையில் ஏற்றி, சுடுமண்ணில் வெறுங்காலோடு நடந்து வெயிலுகந்த அம்மன் காலடியில் இறக்குவாள். ஏற்றிய குடம் வழியில் மண்ணைத் தொடக்கூடாது, ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது. பூரணத்துக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மொண்டு வைத்திருந்த அந்தக் குடத்தின் ஈரமான வயிற்றை ஆசையாக ஒருதரம் தொட்டுவிட்டாள். அமாவாசைப் பிள்ளை கையை வைத்தால் நிறைவைத் திருடிவிடும் என்று ஒரு குரல் கேட்டது, குடத்துத் தண்ணீர் அப்படியே கரிசல் மண்ணில் கவிழ்க்கப்பட்டது, குடம் புளிபோட்டுத் தேய்த்து மறுபடி மொள்ளப்பட்டது. வெடித்த மண் அந்தத் தண்ணீரைக் குடித்த சத்தம் பூரணத்தின் காதை விட்டுப் போகவேயில்லை.

பிறகு அவள் படித்தாள், கதிர்ப்படம் எடுக்கிற வேலைக்குப் பயிற்சி எடுத்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டாம் வருஷமே புருஷனை மஞ்சள்காமாலைக்குக் கொடுத்தாள். ஊர் அவளுக்குத் தேய்பிறை என்று பட்டம் கட்டியது. தேய்பிறை இருபத்தெட்டு வருஷம் ஊர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், ஈயம் கலந்த தடித்த மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, ஊரில் உள்ள அத்தனை பேருடைய எலும்பையும் பார்த்தாள். “மூச்ச நல்லா இழுங்க, புடிச்சுக்கோங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க” என்று ஒருநாளைக்கு நாற்பது தடவை சொன்னாள். சொல்லும்போதெல்லாம் தானும் மூச்சைப் பிடித்துப் பிடித்து, வீட்டில் தனியாகப் படுத்திருக்கும்போதுகூட அவளுக்கு மூச்சு தானாக நின்று நின்று போகும். ஒரு வருஷம்கூட ஆடி அமாவாசைக்கு அவள் லீவு கேட்டதில்லை. அன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடுத்தவர் முறையையும் வாங்கிக்கொள்வாள். குடம் போகிற மேளச்சத்தம் எக்ஸ்ரே அறைச் சுவருக்குள் கேட்காது.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயதான வருஷம் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடமும் புது மிஷினும் வந்தன, பழைய அறையை இடித்தார்கள். இடித்த சாமானில் அந்தக் கண்ணாடியை மட்டும் பூரணம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டு அடுப்படிக் கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடி ஓட்டைக் குரங்கு உடைத்துப்போட்டு மாசம் நாலாகியிருந்தது. மழை வருவதற்குள் அடைக்கவேண்டும். நாலு ஆள் சேர்ந்து தூக்கி, இரண்டு இரும்புச் சட்டம் கொடுத்து, அந்த ஈயக் கண்ணாடியை ஓட்டைக்குப் பொருத்தினார்கள்.

ஆனி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணம் சாளை மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அடுப்படியின் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள். மூச்சு வழக்கம்போல நின்றது. கூரைக் கண்ணாடியில் வானம் கருகருவென்று இருந்தது. அதன் நடுவில் முழுநிலா நின்றது. மணி இரண்டேகால்.

அது ராத்திரியில் பார்க்கிற நிலாவாக இல்லை. முயலும் இல்லை, கறையும் இல்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே வெளிச்சம். கொஞ்சம் தள்ளி, கண்ணாடியின் மேற்கு ஓரத்தில், சூரியன் அணையப்போகிற அடுப்புக் கங்கு மாதிரி மங்கிக் கிடந்தது. பூரணம் பயப்படவில்லை. அவள் வேலையே அப்படி. வெளியே ஒன்றாகத் தெரிவது உள்ளே வேறாக இருக்கும் என்பது அவளுக்குச் சோறு போட்ட விஷயம்.

பால் கொண்டுவந்த மாடத்தி, பூரணம் கண்ணைத் திறந்தபடி மூச்சில்லாமல் கிடப்பதைப் பார்த்துச் செம்பைக் கீழே போட்டாள்.

“அய்யய்ய, யக்கா போயிட்டாளே!”

“எங்கேயும் போகல. இங்கன படு. மேல பாரு,” என்றாள் பூரணம், தரையில் ஓர் ஆள் மல்லாந்து படுத்துவிட்டால் அவள் வாயில் வருகிற வார்த்தை ஒன்றுதான், அதுவும் வந்தது. “மூச்ச நல்லா இழு. புடிச்சுக்கோ. அசையாத.”

மாடத்தி பார்த்தாள்.

“இப்ப விடு.”

மாடத்தி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். “மத்தியானத்துலயே வந்துட்டாளா இவ,” என்றாள், பக்கத்து வீட்டுக்காரி சீக்கிரம் தண்ணீருக்கு வந்துவிட்டதைச் சொல்கிற மாதிரி. அன்று சாயங்காலம் மேற்கே வெட்டிப்போட்ட நகம்போல மூன்றாம்பிறை தெரிந்தது. மாடத்தி தெருமுனையில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தாள். “ஊருக்குத்தான் கீத்து காட்டுதா. உள்ள முழுசா வச்சிருக்கா, கள்ளி.”

மறுநாள் முதல் அடுப்படியில் வரிசை நின்றது. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் குடித்த ஒளியைக் கண்ணாடி இப்போது கக்குகிறது என்று ஒருத்தர் சொன்னார், எல்லாரும் சரி என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. குளித்துவிட்டு வரவேண்டுமா, மீன் சாப்பிட்ட வயிற்றோடு பார்க்கலாமா, தலை எந்தத் திசையில் வைப்பது, செருப்பை எங்கே விடுவது. பூரணம் பாய் விரித்தாள், ஒரு தலையணை வைத்தாள், ஒவ்வொருவருக்கும் மூச்சை இழுக்கவும் பிடிக்கவும் விடவும் சொன்னாள். அவள் விடுங்க என்றதும் நேரம் முடிந்தது, அடுத்த ஆளுக்கு இடம் கொடுக்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு எல்லாரும் எழுந்தார்கள். அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசித்தவர்களெல்லாம் அவள் அடுப்படியில் அடுப்புக்குக் கால்நீட்டிப் படுத்து எழுந்தார்கள். நிலா தினமும் முக்கால் மணி நேரம் தள்ளி உச்சிக்கு வந்தது. டீக்கடைக்காரர் இன்றைய வடை என்று எழுதுகிற சிலேட்டில், வடைக்கு மேலே, இன்றைய நிலா மணி மூணு என்று எழுதத் தொடங்கினார்.

ஜோசியர் ஆழ்வாரப்பன் தன் பிழைப்பில் மண் விழுந்தது என்று இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் வந்து படுத்துப் பார்த்தார், எழுந்து திருநீறு பூசினார், வெளிப்பிறை தேயும், உள்பிறை தேயாது, பஞ்சாங்கம் வெளிப்பிறைக்கு, பரிகாரம் உள்பிறைக்கு என்று அறிவித்துவிட்டார். அவர் வாசலில் முன்னைவிடக் கூட்டம் கூடியது. தேய்பிறை என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேரும் வரிசையாக வந்து படுத்துப் பார்த்துவிட்டு, தேய்பிறையிலேயே நாள் குறித்தார்கள். மண்டபமும் சமையல்காரரும் அன்றைக்குச் சும்மா கிடைத்தார்கள் என்பதில் அவர்களுக்கு இரட்டைச் சந்தோஷம். கோயில் பூசாரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. அம்மன் பேரே வெயிலை உகந்தவள், அந்தச் சூரியன் இப்படிச் சவலைப்பிள்ளையாகக் கிடக்கிறதே என்று குமைந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆத்தா உகந்து குடித்தது போக மிச்சம்தான் அது என்றார்.

பௌர்ணமியை ஒட்டி நிலா உச்சிக்கு வருவது ஊர் தூங்கும் நேரமாகிப்போனதால், வெளியிலேயே முழுசாக நிற்பதை அடுப்படிக்கு வந்து பார்ப்பானேன் என்று பூரணம் கதவைச் சாத்திக்கொண்டாள். தேய்பிறை பிறந்து நிலா காலையில் உச்சிக்கு வரத் தொடங்கியதும் கதவு மறுபடி திறந்தது. ரோகிணிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், சோக்கு போன டியூப்லைட் மாதிரி ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. மின்வாரிய லைன்மேன் ஒருவர் படுத்துப் பார்த்துவிட்டு, லூஸ் கான்டாக்ட், நம்ம லிமிட் இல்லை என்றார்.

பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்துகிற ஜெபராணி டீச்சர் மட்டும் மூன்று தடவை வந்து பார்த்தாள். மூன்றாம் தடவை எழுந்து, பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“பூரணம்மா, இது வெயில் பட்டு வர்ற வெளிச்சம் இல்ல. அதான் தேய மாட்டேங்கு. எட்டுத் திசையிலேர்ந்தும் பொடிப்பொடியா, கண்ணுக்குத் தெரியாம, ஆகாசத்துலேர்ந்து ஏதோ நிலா மேல வந்து மோதிக்கிட்டே இருக்கு. எங்கெல்லாம் அடி விழுதோ அங்கெல்லாம் வெளிச்சம் கிளம்புது. எக்ஸ்ரேயவிட உரமான வெளிச்சம்.”

“சூரியன் மேல விழாதா டீச்சர்?”

“அவருக்குக் காந்தத்துல ஒரு குடை இருக்கு, பாதிய அது தள்ளிரும். இவளுக்குக் குடை கிடையாது. எல்லாத்தையும் மேல வாங்கிக்கிடுதா.”

டீச்சர் போனபிறகு பூரணம் வெகுநேரம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கவிழ்த்த குடம், தேய்பிறை என்ற பட்டம், வளைகாப்பு வீடுகளில் அவளைக் கண்டு அவசரமாக மூடிய கதவுகள், எல்லாம் அவள் நினைவுக்கு வந்தன. ஆனால் அன்றைக்கு அவை வலிக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். இந்த வருஷம் குடத்தை நான் எடுக்கவேண்டும் என்று அவள் வாய்விட்டு, அடுப்படிக்குச் சொன்னாள்.

தேய்பிறை அஷ்டமி அன்று விடிகாலை, கூட்டம் வருமுன், தர்மகர்த்தா அய்யாக்குட்டியின் மனைவி செண்பகவடிவு தனியாக வந்தாள். ஒன்பது வருஷமாக நிறைகுடம் எடுக்கிறவள் அவள்தான். மூன்று மகன், எட்டுப் பேரப்பிள்ளை, கழுத்து நிறையச் சங்கிலி. அந்தக் கழுத்தைப் பங்குனி மாசம் பூரணம் படம் எடுத்திருந்தாள். எலும்பு தேய்ந்திருந்தது, சுமை தூக்கினால் கை விளங்காமல் போகும் என்று டாக்டர் சொன்னது பூரணத்துக்கும் செண்பகவடிவுக்கும் மட்டும் தெரியும்.

“வலி எப்படி இருக்கு மதினி?”

“எந்த வலி?” என்றாள் செண்பகவடிவு.

பூரணம் தலையணையை எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு அண்டக்கொடுத்து, அவளைப் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி மெல்லக் கிடத்தினாள். மூச்சை இழுக்கச் சொன்னாள், பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள்.

“இன்னைக்கு அஷ்டமில்லா,” என்றாள் செண்பகவடிவு படுத்தபடியே. “பாதியால்லா இருக்கணும். முழுசா நின்னாளே.”

“ஆமா மதினி.”

“ஏளா, அந்தப் படம் எங்க இருக்கு?”

“அது உங்க படம். ஒருத்தர் படத்த இன்னொருத்தருக்குக் காட்டுற வழக்கம் எங்ககிட்ட இல்ல.”

செண்பகவடிவு கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அந்த வீட்டுல நான் வாய் தொறந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாவ. வருசத்துல ஒருநாள் குடத்தோட நடக்கும்போது ஊரே கையெடுத்துக் கும்பிடும். அதையும் விட்டுட்டா நான் ஆருட்டி?”

பூரணம் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் அய்யாக்குட்டி ஆறேழு பேரோடு வந்தார், பின்னால் செண்பகவடிவும் வந்தாள். அமாவாசையன்று அந்த நிலா என்ன செய்யப்போகிறது என்பதுதான் ஊரில் அப்போது பேச்சு; அன்றைக்குமட்டும் இருக்காது என்று ஒரு கட்சி, இருக்கும் என்று ஒரு கட்சி, இரண்டு கட்சிக்கும் டீக்கடையில் நாற்காலி தனித்தனி. கண்ணாடியைக் கோயில் முன்னால் நாலு கால் நட்டு அதன்மேல் வைப்பது, உச்சியில் நிலா தெரிந்ததும் குடம் கோயிலுக்குள் போவது என்று முடிவாகியிருந்தது.

“கண்ணாடிய ஒருநாளைக்குக் கோயிலுக்குக் குடு தாயி,” என்றார் அய்யாக்குட்டி.

“எடுத்துக்கோங்க அண்ணாச்சி. அது ஆஸ்பத்திரிச் சாமான், ஊருக்குப் பொது.” பிறகு பூரணம் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னாள். “இந்த வருசம் குடத்த நான் எடுக்கேன்.”

அய்யாக்குட்டி கெட்ட மனுஷர் இல்லை. அதனால் மெதுவாகத்தான் சொன்னார், அது மெதுவாகவே வெட்டியது.

“அது நிறைஞ்சவ எடுக்குற குடம்மா.”

ஒரே ஒரு வார்த்தை, கழுத்து என்கிற வார்த்தை, பூரணத்தின் நாக்கு நுனிவரை வந்தது. செண்பகவடிவு புருஷனின் தோளுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூரணம் அந்த வார்த்தையை விழுங்கினாள். வேறு எதையும் அவள் அவ்வளவு கஷ்டப்பட்டு விழுங்கியதில்லை. அவர்கள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கூரை ஓட்டை வழியாகச் சாதாரண வெயில் விழுந்து அடுப்படிச் சாம்பலில் கிடந்தது.

ஆடி அமாவாசை வந்தது. பூரணம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்றைக்கு இருமி வந்த ஆள்கூட இல்லை. சுற்றுப்பட்டு ஏழூர் ஜனமும் கோயில் முன்னால் நின்றது. புதுக் கட்டடத்தின் சுவர் பழைய சுவர்போல் தடிப்பு இல்லை, அதனால் இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக மேளம் அவளுக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. குடம் கோயிலைச் சேர்ந்தால் குலவை கேட்கவேண்டும், குலவை கேட்கவில்லை. கால்மணி போனது, அரைமணியும் நெருங்கியது. வெயிலில் எங்கோ ஒரு கழுத்தின்மேல் ஒரு குடம் நின்றுகொண்டிருக்கிறது என்பது பூரணத்துக்குத் தெரியும், அந்தக் கழுத்தின் ஒவ்வோர் எலும்பையும் அவளுக்குத் தெரியும். அவள் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

கோயில் முன்னால் நாலு கால்மேல் கண்ணாடி இருந்தது. அதன்கீழ் ஜமுக்காளத்தில் அய்யாக்குட்டி படுத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். “வெறும் வெயில்தான் தெரியுது, கண்ணு அவியுது,” என்றார். அவருக்கு முன்னால் படுத்த ஜோசியருக்கும் அதுவே, பூசாரிக்கும் அதுவே. இருக்காது என்ற கட்சி நாங்கள் அப்போதே சொன்னோம் என்றது. நிலா தெரியாமல் குடம் நகரக்கூடாது என்று முடிவு செய்தவர்களே படுத்துப் பார்த்த இந்த மூவரும்தான் என்பதால் மாற்றிச் சொல்லவும் வழியில்லை. ஏற்றிய குடத்தைக் கீழே வைக்கவும் வழியில்லை. நாற்பது அடிக்கு இப்பால் சுடுமண்ணில் செண்பகவடிவு குடத்தோடு நின்றாள். அவள் இடதுகை விறைத்துத் தொங்கியது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கடவுளே என்றுகூடச் சொல்லாமல் நின்றாள்.

பூரணம் செருப்பை உதறிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் எதிரே போய் நின்றாள்.

“மதினி.”

செண்பகவடிவு அவளைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, குடத்தில் ஒரு சொட்டுத் தளும்பவில்லை.

“பூரணம், என்னால ஆகலட்டி,” என்றாள். பிறகு ஒன்பது வருஷமாக யாரும் கேட்டிராத உரத்த குரலில், ஊரே கேட்கச் சொன்னாள். “எங் கழுத்து தேஞ்சுபோச்சு. பங்குனியிலேயே இவளுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடம் அன்னைக்கே இவ தலைக்குப் போயிருக்கும், இவ சொல்லல. நிறைஞ்சவ ஆருன்னு நான் சொல்லுதேன். வாங்கிக்கோ.”

“செம்பகம்,” என்றார் அய்யாக்குட்டி ஜமுக்காளத்திலிருந்து எழுந்து. செண்பகவடிவு திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பாது, திரும்பினாலும் பார்த்திருக்கமாட்டாள். ஒருத்தரும் தடுக்கவில்லை. தலைக்குத் தலை வைத்து, சும்மாடு மாறாமல், குடம் பூரணத்தின் தலைக்கு வந்தது. அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஈரமான அதன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டபோது, நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் மண்ணில் கவிழ்ந்த தண்ணீர் ஏறி வந்து தலையில் உட்கார்ந்ததாக அவளுக்குத் தோன்றியது.

இப்போது நிலா வேண்டும். கண்ணாடியின்கீழ் அய்யாக்குட்டி மறுபடி போய்ப் படுத்தார். பூரணம் அவரைப் பார்த்தாள், அவர் நெஞ்சு துருத்திபோல் ஏறி இறங்குவதைப் பார்த்தாள், இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. இப்படி மூச்சுவிட்டால் எந்தப் படம்தான் விழும். அந்தக் கணத்தில் அவளுக்கு விளங்கியது. ஒரு மாசமாக ஊர் எழுந்துபோனது நேரம் முடிந்ததால் அல்ல. மூச்சை விட்டதும் நிலா போய்விட்டதால். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தவர்கள், அவள் சொல்லை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, அசையாதீங்க,” என்றாள் பூரணம். பிறகு அந்த ஒருத்தருக்கு மட்டும் ஏன் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். குடத்தைத் தாங்கிய கழுத்தை நிமிர்த்தி, ஏழூருக்கும் சொன்னாள்.

“எல்லாரும் மூச்ச நல்லா இழுங்க.”

இழுத்தார்கள். ஆணும் பெண்ணும் பூசாரியும் ஜோசியரும் மேளக்காரரும் இரண்டு கட்சிக்காரரும் இழுத்தார்கள்; வேப்பமரத்து இலை உள்வாங்கியது, கோயில் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது.

“புடிச்சுக்கோங்க. அசையாதீங்க.”

வானம் கறுத்தது. கண்ணாடிக்குள் என்று இல்லை, நின்ற இடத்திலிருந்து ஒவ்வொருவர் தலைக்கும் மேலே கறுத்தது, நடு உச்சியில் சூரியன் கங்காக ஒடுங்கிக் கிடக்க, அதன் தோளுக்குப் பக்கத்தில், தேய்வு இல்லாமல், கறை இல்லாமல், எட்டுத் திசை அடியும் பட்ட இடமெல்லாம் வெளிச்சமாகி, அமாவாசை நிறைந்து நின்றது. நூறு தலைமுறையாக வாய் சொல்லிவந்ததைக் கண் முதல்முறையாகப் பார்த்தது. ஊர் தன் சொல் பொய் இல்லை என்று கண்டு அழுதது, ஆனாலும் யாரும் மூச்சை விடவில்லை.

அந்த ஒரு மூச்சில் பூரணம் நடந்தாள். சுடுமண் அவளுக்குச் சுடவில்லை என்று பிறகு சொன்னார்கள். அது பொய், சுட்டது, அவள் ஒவ்வோர் அடியும் சுடச்சுடத்தான் வைத்தாள், சந்தோஷமாக வைத்தாள். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். தளும்பவில்லை. வெள்ளைக் கோட்டின் வால் பறக்க, ஊர் வழிவிட, பத்து அடி, இருபது அடி, செண்பகவடிவு விளங்குகிற ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்திக் கும்பிட, முப்பது அடி, நாற்பது. வாசற்படியை மிதித்தாள். அவள் பிறந்த நேரம் அது. குனிந்து, குடத்தை அம்மன் காலடியில் இறக்கி, இரண்டு கையும் எடுத்தபிறகு, நிமிர்ந்து வெளியே திரும்பிப் பார்த்தாள். ஏழூரும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, அவள் வாயைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது.

பூரணம் கொஞ்சம் நிற்கவைத்தாள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு அது ஒன்றும் அதிகம் இல்லை.

“இப்ப விடுங்க,” என்றாள்.